பெயர்ப்பலகைப் பரணி

வாழ்க, வண்ணக்கறை படிந்த வெள்ளை மேலங்கியைக் கவசமெனப் பூண்டவர்! வாழ்க, வலக்கையில் தூரிகையும் இடக்கையில் அழிரப்பரும் ஏந்தி, ஒழுகும் கூரைக்கும் ஆடும் மேசைக்கும் நடுவே பத்தொன்பது ஆண்டுக்காலம் நின்று, ஆயிரமாயிரம் சிறுமியர் வரைந்த ஆயிரமாயிரம் கோணல் பூச்சாடிகளை நேர்நிறுத்திய பெருந்தகை! பெற்றோர் சூட்டிய பெயரைப் பள்ளிக்கூடமே மறந்துவிட, 'கலர் மிஸ்' என்ற இரண்டே சொல்லால் மூன்று தெருக்கள் அறிந்த மாண்பினர்! அன்னார் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் ஏணி ஏறிய வீரத்தையே இங்கே பாடப் புகுந்தோம். கேட்போர் எழுந்து நிற்க வேண்டியதில்லை. கைப்பேசியைக் கீழே வைத்தால் போதும்.

செருக்களம் எதுவெனில், முப்பத்தோராண்டுக்கு முன் ஒரு செல்வர் தம் சொந்தப் பணத்தில் பெண்பிள்ளைகளுக்கென எழுப்பிய பள்ளிக்கூடத்தின் வாயில். செல்வர் போனபின் அவருடைய மகனார் தாளாளர் ஆனார். தாளாளர் ஆனபின் கட்டணம் ஏறியது. கட்டணம் ஏறியபின் பிள்ளைகள் இறங்கினார்கள். பிள்ளைகள் இறங்கியபின் சுவர்களும் தம்மால் இயன்ற அளவு இறங்கத் தொடங்கின. இனித் தனியாராய் நின்று தாக்குப்பிடிக்க இயலாது என்று கண்ட தாளாளர், அரசின் நிதியைக் கேட்டு ஏழாண்டு மனுப்போர் தொடுத்தார். மேசைக்கு மேசை தாவி, கோப்புக்குக் கோப்பு புகுந்து, மூன்று அலுவலர்களின் ஓய்வையும் ஒரு அலமாரியின் உடைவையும் தாண்டி, இறுதியில் ஆணை வந்தது. ஆசிரியர் சம்பளம் இனி அரசுடையது. பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. அட்டைப்பெட்டி ஆலைக்குப் பின்னால் குடியிருக்கும் அறுபது தாய்மார்கள், இதுவரை அந்த வாயிலை வெளியே நின்றுமட்டும் பார்த்தவர்கள், திங்கட்கிழமை முதல் தம் மகள்களை உள்ளே அனுப்புவதற்குப் பெயரும் கொடுத்து, சீருடைக்கு அளவும் கொடுத்துவிட்டார்கள்.

ஆயினும் ஆணை தனியே வரவில்லை. பதினோரு நிபந்தனைகளாகிய படையோடு வந்தது. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள், தீ வாளிக்கு மணல், கிணற்றுக்கு மூடி என்று பத்து நிபந்தனைகளைத் தலைமையாசிரியை மூன்று மாதத்தில் ஒவ்வொன்றாக வீழ்த்தினார். பதினோராவதை மட்டும், இது என்ன, ஒரு நாள் வேலைதானே என்று கடைசிக்கு விட்டுவைத்தார்கள். அது இது:

"'அரசு நிதியுதவி பெறும்' என்னும் சொற்கள் பெயர்ப்பலகையின் தலைவரியாக அமைதல் வேண்டும். அச்சொற்களின் உயரம் பலகையிலுள்ள வேறெந்தச் சொல்லின் உயரத்துக்கும் குறைதல் ஆகாது. அவ்வாறமைந்த பலகையின் புகைப்படம், ஆய்வாளரின் ஒப்பத்தோடு, மாதத்தின் கடைசி வேலைநாள் மாலை ஐந்து மணிக்குள் வந்துசேராவிடில் ஆணை தானே காலாவதியாகும்."

அந்தக் கடைசி வேலைநாளே மேற்சொன்ன வெள்ளிக்கிழமை.

நம் தலைவிக்கோ அன்றைய பொழுது வேறொரு அம்போடு விடிந்திருந்தது. காலையில் மாடிப்படித் திருப்பத்தில் தலைமையாசிரியை அவரை நிறுத்தி, எங்கோ சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "போஸ்ட் லிஸ்ட் வந்திருச்சும்மா. பத்தொன்பது பேர எடுத்துக்கிறாங்க. ஓவியத்துக்கு மட்டும் போஸ்ட் இல்லையாம். பாக்கலாம், ஏதாவது வழி இருக்கும்."

"சரி மிஸ்" என்றார் கலர் மிஸ். சொல்லிவிட்டு மாடியேறிப் போய், எட்டாம் வகுப்புக்கு நிழலும் வெளிச்சமும் பற்றிப் பாடம் எடுத்தார். 'பாக்கலாம்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று அவருக்குத் தெரியும். கூரை ஒழுகுகிறது என்று சொன்ன ஒவ்வோர் ஆண்டும் அதே சொல்தான் பதிலாக வந்தது.

இனிப் போர். முந்தைய நாளே பழைய எழுத்தெல்லாம் சுரண்டப்பட்டு, ஒன்பதடி நீளமும் மூன்றடி உயரமும் உள்ள அத்தகரப்பலகை, வெள்ளை பூசி, வாயிலின் மேல் இரு தூண்களுக்கு நடுவே, இன்னும் எந்த மன்னனும் கால்வைக்காத வெண்மணல் தீவெனக் கிடந்தது. பெயின்டர் காலை ஒன்பது மணிக்கு நீலச் சுண்ணக்கட்டியால் நான்கு வரி கோடிட்டார். முதல் வரியில் அரசு, ஏழு அங்குலம். இரண்டாம் வரியில் நிறுவனருக்கு ஊரார் கொடுத்ததாக அவர் மகனார் கூறும் பட்டங்கள்: 'கல்விக் காவலர், கருணைக் கடல், பெண்ணினப் பேரொளி'. மூன்றாம் வரியில் நிறுவனர் பெயர், அதுவும் ஏழு அங்குலம். நான்காம் வரியில் 'பெண்கள் பள்ளி'.

பத்து மணிக்குத் தாளாளர் காரில் வந்து இறங்கினார். அண்ணாந்து பார்த்தார். முகம் கறுத்தது. பெற்ற தந்தைக்கு இழைக்கப்பட்ட அவமானத்தைக் கண்ட இளவரசன்போல் கைதூக்கி முழங்கினார்: "எங்கப்பா கட்டின பள்ளிக்கூடம்! அவர் பேரும் அவங்க பேரும் ஒரே சைஸா? ரெண்டு இஞ்ச் பெருசாக்கு!" பெயின்டர் ஒன்பதாக்கினார்.

பதினொன்றரைக்கு ஆய்வாளர் தம் இருசக்கர ரதத்தில் வந்தார். கக்கத்தில் கோப்பு, சட்டைப்பையில், வாளுறையில் வாள்போல, மடக்கும் அளவுகோல். பெயின்டரை அளக்கச் சொல்லி, கீழிருந்தே கேட்டுக் குறித்துக்கொண்டு, இரக்கமற்ற இனிய குரலில் அறிவித்தார்: "அரசு ஏழு, பெயர் ஒன்பது. செல்லாதுங்க." அவர் தேநீர் குடிக்கப் போனார், பெயின்டர் அரசையும் ஒன்பதாக்கினார். தாளாளர் தம் தந்தையின் பெயரைப் பதினொன்றாக்கினார். தேநீர் முடித்துத் திரும்பிய ஆய்வாளர் அரசைப் பதினொன்றாக்கினார். இவ்வாறு இரு பேரரசுகளின் எல்லைக்கோடுகள் ஒன்றையொன்று நெட்டித் தள்ள, நடுவே அகப்பட்ட சிற்றரசுகளின் கதி என்னாகும்? கருணைக் கடல் வற்றிக் குட்டையாயிற்று. பெண்கள் நெருக்கியடித்து ஓரத்தில் ஒண்டினார்கள். 'பள்ளி' என்ற சொல்லோ பலகையின் விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் நின்றது.

"பள்ளிக்கு இடம் இல்ல சார்" என்று ஏணியிலிருந்து முறையிட்டார் பெயின்டர்.

"எடுத்துரு" என்றார் தாளாளர். "கேட்டைப் பாத்தாலே தெரியாதா, பள்ளிக்கூடம்னு?"

ஆய்வாளர் கோப்பைப் புரட்டினார். முன்னிருந்து பின்னாகவும் பின்னிருந்து முன்னாகவும் புரட்டினார். 'பள்ளி' என்ற சொல் பள்ளியின் பலகையில் இருந்தே தீரவேண்டும் என்று பதினோரு நிபந்தனைகளில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. "எனக்கு ஆட்சேபணை இல்லைங்க" என்றார்.

அதுவரை இரு யானைகளின் இடையே நின்ற தலைமையாசிரியை அப்போதுதான் வாய் திறந்தார். தாளாளரை ஓரமாக அழைத்து, தணிந்த குரலில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "சார், ஒரு தடவை சேர்த்துப் படிச்சுப் பாருங்க. 'அரசு நிதியுதவி பெறும்'. அப்புறம் உங்கப்பா பேரு. அப்புறம் 'பெண்கள்'. அதோட நிக்குது."

தாளாளர் மனத்துக்குள் படித்தார். மறுபடி படித்தார். மூன்றாம் முறை படித்தபோது காதுமடல் சிவந்து, கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பள்ளி காப்பாற்றப்பட்டது, ஆனால் அதற்கு இடம் மட்டும் இன்னும் பிறக்கவில்லை.

இந்நிலையில் பெயின்டர், எத்தனையோ கடைகளுக்கும் திரையரங்குகளுக்கும் எழுதிய தம் கை ஒரு பள்ளிக்கூடத்திடம் தோற்றதை எண்ணிக் கீழே இறங்கினார். "நீங்க ரெண்டு பேரும் முதல்ல பேசி ஒரு முடிவுக்கு வாங்க சார். நான் சாப்ட்டு வந்துடறேன்" என்று சொல்லி, தூரிகைகளை எண்ணெய் டப்பாவில் ஊறவிட்டுப் போனார். ஒரு மணிக்குப் போனவர் இரண்டு மணிக்கும் வரவில்லை. இரண்டரைக்கு அவருடைய கைப்பேசி அணைக்கப்பட்டிருந்தது. அவர் எங்கே போனார், என்ன சாப்பிட்டார் என்பதை இன்றுவரை ஒருவரும் அறியார்.

கலர் மிஸ் அந்நேரம், பலகையின் முகம் சாய்வாகத் தெரியும் தெருப்பக்க மேல்மாடிச் சன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். அவருடைய நெஞ்சில் மூண்டது நாட்டுப்பற்றா, பள்ளிப்பற்றா, அறுபது பெண்களின் மேல் கொண்ட அருளா என்று ஆராய்வோர் ஆராய்க. உண்மையைச் சொல்லக் கடமைப்பட்ட நாம் உண்மையைச் சொல்லுகிறோம்: அவரால் அந்த 'றும்' என்ற எழுத்துகளைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பெயின்டர் போட்ட சுண்ணக்கோட்டில் 'று'வின் வால் ஒரு பக்கமும் 'ம'வின் வயிறு மறுபக்கமும் சாய்ந்து, இரண்டும் சண்டை போட்டுக்கொண்டு முகம் திருப்பிய அக்கா தங்கைபோல் நின்றன. காலையிலிருந்து ஒவ்வொரு பீரியடுக்கும் நடுவே அவர் அதைப் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்திருந்தார். திங்கட்கிழமை தாம் இந்த வாயிலில் நுழையப்போவதில்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். நுழைகிறவர்கள் இதைப் பார்த்துக்கொண்டா நுழைவார்கள்?

இறங்கி வந்தார். வாயிலில் மூவரும் மூன்று திசையைப் பார்த்து நின்றார்கள். கலர் மிஸ் ஒருவரிடமும் அனுமதி கேட்காமல் ஈரத்துணியை எடுத்துத் தலைமையாசிரியையிடம், "மிஸ், ஏணியக் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா?" என்றார்.

எவருடைய காலடியோசை கேட்டதும் எண்ணூறு சிறுமியர் மூச்சடக்குவார்களோ, எவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் ஆசிரியைகளும் எழுந்து நிற்பார்களோ, அந்தத் தலைமையாசிரியை வந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, இரு கைகளாலும் ஏணியைப் பிடித்தார்.

இங்கே ஒரு இரகசியம் சொல்ல வேண்டும். நம் தலைவிக்கு உயரம் என்றால் பயம். வகுப்பில் சுவரொட்டி மாட்ட முக்காலியில் ஏறினாலே கண்ணை மூடிக்கொள்வார். இப்போதோ எதிரே பதினொரு படி. முதற்படி ஏறினார், பூமி விடைகொடுத்தது. மூன்றாம் படியில் முழங்கால்கள் இரண்டும் தனித்தனியே கூடி ஆலோசனை செய்தன. ஐந்தாம் படியில் அவர் நின்றே விட்டார். வண்ண டப்பா கையில் ஆடிற்று.

"மிஸ், இறங்கிடவா?"

"இறங்கினா மறுபடி ஏற மாட்டீங்க" என்றார் கீழிருந்தவர். "கீழ பாக்காதீங்க. அந்த 'று'வைப் பாருங்க, எவ்ளோ கேவலமா இருக்கு."

சினம் பயத்தை வென்றது. கலர் மிஸ் மீதிப் படிகளை ஒரே மூச்சில் ஏறினார். மாடியில், காலையில் தொடங்கிய நிழலையும் வெளிச்சத்தையும் அதுவரை தீட்டி முடித்துக்கொண்டிருந்த எட்டாம் வகுப்பு, சன்னல்கள் கொள்ளாமல் பிதுங்கி, "கலர் மிஸ்! கலர் மிஸ்!" என்று ஆர்ப்பரித்தது. மற்ற நாளாயின் தலைமையாசிரியையின் ஒரு பார்வை அந்தக் கடலை வற்றச்செய்திருக்கும். கைகள் இரண்டும் ஏணியில் இருந்தபடியால் அவர் அண்ணாந்து, "கத்தறதுன்னா ஒரே தாளத்துல கத்துங்க, அவங்க கை நடுங்குது!" என்று ஆணையிட்டார். அவ்வாறே நடந்தது.

ஈரத்துணி ஒரு முறை குறுக்கே பாய்ந்தது. காலை முதல் வளர்ந்து நின்ற இரு பேரரசுகளும் சிற்றரசுகளும் நீல நீராய் வழிந்தன. தாளாளர் "ஐயோ!" என்றார். ஆய்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றுக்குப் பத்து நிமிடம்.

"எல்லா எழுத்தும் எட்டு இஞ்ச்" என்று மேலிருந்து பிரகடனம் செய்தார் கலர் மிஸ். "மூணு வரி. மேல அரசு, நடுவுல பேரு, கீழ பள்ளி. உயரம் எல்லாருக்கும் ஒண்ணுதான். ஆனா சார், உங்கப்பா எழுத்த மட்டும் தடியா, அகலமா போடறேன். தெருமுனையில நின்னு பாத்தாலும் அதுதான் கண்ணுல படும்."

ஆய்வாளர் யோசித்தார். உயரத்தைப் பற்றிச் சட்டம் பேசியது. பருமனைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. தலையசைத்தார்.

"பட்டம்?" என்று கேட்டார் தாளாளர், குரல் உடைந்து. "மூணு பட்டமும் எங்க?"

அப்போது நம் தலைவி, உயரத்தை மறந்து, ஏணிமேல் நின்றபடியே தூரிகையை இடப்புறமும் வலப்புறமும் நீட்டிக் காட்டினார். "தூண் ரெண்டு சும்மாதானே நிக்குது? போட்டோ எடுத்த பிறகு அதுல எழுதிக்கலாம். எவ்ளோ பெருசு வேணுமோ அவ்ளோ பெருசு. தூண் பலகை இல்லையே சார்?"

கேள்வி ஆய்வாளரை நோக்கியது. அவர் கோப்பைப் பிரித்து, 'பெயர்ப்பலகையில்' என்ற சொல்லின் கீழ் விரலை வைத்து, "தூண் பலகை இல்லைங்க" என்று தீர்ப்பளித்தார். தாளாளர் தூண்களை அண்ணாந்து பார்த்தார். பலகையைவிடத் தூண்கள் ஒரு முழம் உயரம். மேகம் விலகிய மலைபோல் அவர் முகம் தெளிந்தது. அந்தக் கணம் முதல் அவர் போர்க்களத்தைத் துறந்து, காரில் அமர்ந்து, மூன்று போதாமல் மேலும் நான்கு பட்டங்களைத் தாளில் எழுதத் தொடங்கினார்.

அதன்பின் நடந்ததை எவ்வாறு உரைப்போம்! காளான் குடைபோல் வளைந்தது 'அ'. கைகட்டி நிற்கும் காவலன்போல் நிமிர்ந்தது 'ர'. பத்தொன்பது ஆண்டு பூச்சாடிகளைத் திருத்தித் திருத்திப் பழகிய அந்தக் கை, கோணலே அறியாத கோடுகளைச் சிவப்பிலும் கறுப்பிலும் இழுத்துக்கொண்டே போயிற்று. ஏணி இரண்டடி நகரும். தலைமையாசிரியையும் இரண்டடி நகர்வார். வெயில் பிடரியைச் சுட்டது. சிவப்பு ஒரு சொட்டு தலைமையாசிரியையின் நரைத்த வகிட்டில் விழுந்தது. நான்கரைக்குக் கடைசி 'ளி'யின் சுழி முடிந்தபோது மாடியில் சிறுமியரின் தொண்டையும் கீழே தலைமையாசிரியையின் தோளும் ஒருங்கே ஓய்ந்தன.

ஆனால் விதி அளவுகோலின் வடிவில் மீண்டும் வந்தது. இம்முறை ஆய்வாளர் தாமே ஏறினார். 'அரசு நிதியுதவி பெறும்': எட்டு. சரி. 'பள்ளி': எட்டு. சரி. நிறுவனர் பெயரை அளந்தார். அதிலிருந்த ஒரு நெட்டெழுத்தின் மேற்சுழி, தடித்துப் போட்டதனால், கட்டுக்கடங்காமல் அரை அங்குலம் மேலே துள்ளியிருந்தது.

"எட்டரை" என்றார். "அரசு குறையுதுங்களே."

மணி நாலு நாற்பது. எனாமல் வண்ணம் இன்னும் காயவில்லை. துடைத்தால் வரி முழுவதும் சேறாகும். அறுபது சீருடைகளும் பத்தொன்பது சம்பளங்களும் ஏழாண்டு மனுக்களும் அந்த அரை அங்குலச் சுழியின் நுனியில் தொங்கின. தலைமையாசிரியை தரையைப் பார்த்தார். தாளாளர் காரிலிருந்து, "'தானத் திலகம்' நல்லா இருக்கா?" என்று கேட்டார்.

கலர் மிஸ் பலகையை அண்ணாந்து பார்த்தார். கண்ணை இடுக்கினார். பிறகு ஆய்வாளரைக் கீழே இறங்கச் சொல்லி, ஏணியை இடம் மாற்றி, இம்முறை எந்தப் படியிலும் நிற்காமல் ஏறினார். 'பெறும்' என்ற சொல்லின் இறுதி 'ம்' அங்கே இருந்தது. அதன் தலைமேல், எழுத்தோடு ஒட்டி, பணிவாக ஒரு சிறு புள்ளி. துணியின் நுனியை எண்ணெயில் நனைத்து அந்தப் புள்ளியை மட்டும் ஒற்றி எடுத்தார். ஓர் அங்குலம் மேலே, மகுடத்து மணிபோல, செக்கச்செவேலெனப் புதிய புள்ளி ஒன்றை வைத்தார்.

"இப்ப அளங்க சார்."

"புள்ளியையுமா?"

"புள்ளி இல்லாட்டி அது 'பெறும'ன்னு நிக்கும் சார். அப்படி ஒரு சொல் உண்டா? புள்ளியும் சேர்ந்துதானே சொல்லு."

ஆய்வாளர் ஏறினார். 'று'வின் வால்நுனியிலிருந்து புள்ளியின் உச்சிவரை கோலை வைத்தார். ஒன்பது. ஓர் அரசின் உயரம் ஒரு புள்ளியால் உயர்ந்த வரலாறு இதுவே. நாலு ஐம்பத்திரண்டுக்குப் படம் எடுத்தார்; வண்டியின் சீட்டின்மேல் தாளை வைத்து ஒப்பமிட்டார்; இரண்டையும் கைப்பேசியிலேயே அலுவலகத்துக்கு அனுப்பினார்; ஐந்துக்கு மூன்று நிமிடம் இருக்கையில் கைப்பேசி 'டிங்' என்று வெற்றிமுரசு கொட்டியது. மாடியிலிருந்து எழுந்த கூச்சலில் தூண்மேல் இருந்த புறாக்கள் பறந்தன.

ஆய்வாளர் கோலை மடக்கிக்கொண்டே கேட்டார். "நல்லா எழுதறீங்க. எந்த சப்ஜெக்ட் டீச்சர் நீங்க?"

"ஓவியம் சார்."

அவர் கோப்பின் இணைப்பைப் புரட்டினார். புரட்டுவது நின்றது. "ஓவியத்துக்குப் போஸ்ட் இல்லையேம்மா" என்றார், தாமே ஏதோ தவறு செய்தவர்போல. கலர் மிஸ் தலையசைத்தார். கையில் வண்ணம் உலர்ந்து தோல் இழுத்தது. மேலே பலகையைப் பார்த்தார். 'றும்' இப்போது அழகாக இருந்தது. எண்ணெய் டப்பாவை எடுத்துத் தூரிகைகளைக் கழுவத் தொடங்கினார்.

ஆய்வாளர் இன்னொரு தாளைத் திருப்பினார். "கைத்தொழில்னு ஒரு தலைப்பு இருக்கு. அதுல தையல் டீச்சர் ஒண்ணு காலியா கிடக்கு. தகுதி... 'கைத்தொழிலில் அனுபவம்'னு மட்டும்தான் போட்டிருக்காங்க. உங்களுக்குத் தையல் வருமா?"

கலர் மிஸ்ஸின் வீட்டில் அறுந்த பட்டன்கள் பசை போட்டு ஒட்டப்பட்டன என்பதையும், பிரிந்த ஓரங்கள் ஸ்டேப்ளரால் அடிக்கப்பட்டன என்பதையும் வரலாறு மறைக்காது. அவர் வாய் திறப்பதற்குள், பொய் சொன்ன பிள்ளைகளை இருபத்தாறாண்டாக வெயிலில் நிறுத்திய தலைமையாசிரியை, வகிட்டில் சிவப்பு உலர, முன்னே வந்து, "பிரமாதமா தைப்பாங்க சார்" என்றார்.

"வரும் சார்" என்றார் கலர் மிஸ்.

ஆய்வாளர் இருபதாவதாக ஒரு பெயரை எழுதினார். எழுதும்முன் அது என்ன பெயர் என்று கேட்க வேண்டியிருந்தது. மாடியிலிருந்து எட்டிப் பார்த்த சிறுமியர் முதன்முறையாக அதைக் கேட்டு வியந்தனர். இவ்வாறாக ஏணி வென்று, கோல் வென்று, இரு பேரரசுகளையும் ஒரே உயரத்தில் உட்காரவைத்து, பள்ளிக்குப் பள்ளியென்ற பெயரை மீட்டு, தமக்கெனப் பகைவர் நாட்டில் ஒரு சிற்றூரையும் மானியமாகப் பெற்ற அந்த வண்ணக்கர வீராங்கனை, செங்குருதியன்ன எனாமல் முழங்கைவரை உலர, மாலை வெயில் மேலங்கியில் பொன்னாய்ப் படர, எட்டாம் வகுப்பு வழிநெடுக வாழ்த்தொலிக்க, இரு தூண்களுக்கு நடுவே தலைநிமிர்ந்து வெளிப்போந்து தெருவில் இறங்கினார்.

பஸ் ஸ்டாப் பக்கத்துக் கடையில் ஊசியும் நூலும் வாங்கினார்.